கிழக்குக் கடலில் மறைந்த சூரியன்

நான் இப்போது வாழும் நாட்டின் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. வீட்டுக் கூரைகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் அந்தப் பக்கம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் எனக்கு இது உறைக்க ஸ்காட்லாந்தில் பதினோரு வருடம் ஆனது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய மடத்தனம் இது. நமக்குச் சூரியன் காலையில் வருகிற வழியும் கடல்தான், மாலையில் போகிற வழியும் கடல்தான். முனையில் நின்று கழுத்தைத் திருப்பினால் போதும். உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் காலையில் ஒரு கடலும் மாலையில் வேறொரு கடலும் தேடிப் போக வேண்டும் என்பது நம் மண்டையில் ஏறுவதே இல்லை.

போன செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை. முதியோர் இல்லத்தில் ஆறு நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டுக் கிடைத்த ஒரு நாள் ஓய்வு. படுத்துத் தூங்கியிருக்கலாம். தூங்காமல், ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகப் பஸ்ஸில் போய், வடகடல் ஓரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் இறங்கி, கைபேசியை நீட்டிப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றேன். காற்று காதைப் பிய்த்தது. கடல் சாம்பல் நிறமாகி, அப்புறம் இன்னும் கொஞ்சம் சாம்பலானது. சிவப்பு வருகிற வழியாகத் தெரியவில்லை. நாயுடன் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார், திரும்பினார், மறுபடியும் தாண்டினார், கடைசியில் பக்கத்தில் வந்து நின்றார். யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சூரிய அஸ்தமனத்துக்கு என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். உடம்பு சரிதானே என்றார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா, கூப்பிடட்டுமா என்றார். இவ்வளவு அன்பான மனிதரா என்று நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். தனியாகக் கடலை வெறித்துக்கொண்டு நிற்பவன் உள்ளே இறங்கிவிடுவான் என்று அவர் பயந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் என் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பினார். எனக்குப் பின்னால், வறுத்த மீன் விற்கும் கடையின் கூரைக்கு மேலே, சூரியன் பாதி இறங்கியிருந்தது.

என்னை அந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு புத்தகம். நாகர்கோவிலில் மருத்துவமனைக் கம்பவுண்டராக இருந்த ஞானசிகாமணி, அறுபது வருடத்துக்கு முன் வேலைக்காக ஸ்காட்லாந்து போய், அங்கிருந்து, நீங்கள் இப்போது படிக்கும் இதே மாத இதழில் மாதாமாதம் எழுதிய கட்டுரைகள் அவை. பிறகு ‘குளிர்தேசத்தில் இரண்டு வருடம்’ என்ற பெயரில் புத்தகமாக வந்தன. எங்கள் சபை நூலக அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்ததை எட்டாம் வகுப்பில் எடுத்தேன், திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதில் ஒரு இடம் எனக்கு மனப்பாடம். கிழக்குக் கரையில் ஒரு மீனவ ஊரில் அவர் நிற்கிறார். சூரியன் கடலில் இறங்குகிறது. அலை முழுக்கச் சிவக்கிறது. ‘என் வீடும் இந்தத் தண்ணீரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருப்பார். நான் வெளிநாடு போனது பிழைப்புக்குத்தான். ஆனால் வளைகுடாவுக்குப் போகாமல் அந்தக் குளிருக்குப் போனது இந்த ஒரு வரிக்காக.

போன பிறகு, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அவர் கால் பட்ட இடங்களைத் தேடிப் போனேன். அவர் எழுதிய சந்தை இருந்தது. கல்பாலம் இருந்தது. மணிக்கூண்டு இருந்தது, மணி மட்டும் ஓடவில்லை. அந்தக் கடற்கரைக்கு மட்டும் போகவில்லை. ஏன் என்றால், போய்விட்டதாக முதல் வருடமே எழுதிவிட்டேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இதே பக்கங்களில், ஞானசிகாமணி நின்ற அதே கரையில் நானும் நின்றேன், அதே சூரியன் அதே கடலில் இறங்கியது என்று உருகி உருகி எழுதினேன். உண்மையில் அன்றைக்கு இல்லத்து அறையில் படுத்துக்கொண்டு, கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதினேன். இதழ் ஆசிரியர் அவசரப்படுத்தினார், எனக்கோ லீவு இல்லை. எப்படியும் ஒருநாள் போய்ப் பார்ப்பேன், பார்த்தால் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். வாசகர்கள் பலர் பாராட்டி எழுதினார்கள். கிழக்குக் கரையில் அஸ்தமனமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள். நாமெல்லாம் ஒரே ஊர்.

பதினோரு வருடம் கழித்து அந்தப் பொய் போன் போட்டு என்னைக் கூப்பிட்டது. பேசியவர் ஞானசிகாமணியின் ஒரே மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை லில்லிபாய். அப்பாவின் புத்தகத்தை மறுபடியும் அச்சிடப் போகிறாராம். நான்தான் முன்னுரை எழுத வேண்டும், அட்டைக்கு அந்தக் கரையில் சூரியன் மறையும் படமும் வேண்டும். அதற்காகத்தான் செப்டம்பரில் போய் நின்று, நாய்க்காரரிடம் மாட்டிக்கொண்டேன். அன்று திரும்பி வந்து புத்தகத்தை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு படித்தேன். ஒரு மலைக்கிராமத்துக்கு நடந்து போகும்போது ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து காலில் உப்புத் தேய்த்துக்கொள்கிறார். அந்த மலைகளில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், ஒரு அட்டை என்னைத் தொட்டதில்லை. தை மாதத்தில் மரங்கள் எல்லாம் ஒன்றாகச் சிவந்து இலை உதிர்க்கின்றன என்று எழுதுகிறார். ஸ்காட்லாந்தில் தை மாதம் உதிர்வதற்கு மரத்தில் என்ன இருக்கிறது? தையில் மொத்தமாக இலை உதிர்க்கிற மரம் எது என்று நம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரப்பர்.

டிசம்பரில் மூன்று வார லீவில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை லில்லிபாய் அக்காவின் வீடு. அப்பா கட்டிய அதே வீடு. வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கியது. சாயாவும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் அன்று எழுதிய கட்டுரையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.

“உனக்க கண்ணால பாத்து எழுதியிருக்க மக்கா. இதை வாசிச்ச அண்ணைக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? அதுவரைக்கும் எனக்கு அப்பா மேல ஒரு வெறுப்பு உண்டு கேட்டியா.”

அக்காவுக்கு ஏழு வயதில் அப்பா கிளம்பினார். சபையில் சிறப்பு ஜெபம் வைத்து, மாலை போட்டு, தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அனுப்பியது. இரண்டு வருடத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இதழில் வருகிற கட்டுரைதான் கடிதம். அம்மா சத்தமாக வாசிப்பார், மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாவது வருடம் டைபாய்டு காய்ச்சல் வந்து இருபது நாள் கிடந்தாள். அப்பா அப்பா என்று அனத்தினாளாம்.

“வந்திருக்கப்பிடாதாண்ணு மனசுல கெடந்துட்டே இருந்தது. நீ எழுதினதைப் படிச்ச பொறவுதான் ஒரு சமாதானம். அவ்வளவு பெரிய கடலுக்கு அந்தப் பக்கம் நிக்க மனுசன் எப்படி வருவாரு, பாவம்.”

பேச்சை மாற்றுவதற்காக, அந்த இரண்டு வருடம் உதவிக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, கிறிஸ்மஸுக்கு மட்டும் ஒரு மட்டி வாழைப்பழக் குலை வரும் என்றார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் இருந்தாராம், அங்கிருந்து வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து விடுவாராம். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு முந்திரிக்கொத்து வைத்தார். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, ரப்பர் தோட்டமா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் மாலை கன்னியாகுமரிக்குப் போனேன். சுற்றுலாக் கூட்டத்தை விட்டு விலகி, மீனவர் குடியிருப்புப் பக்கம் நடந்து, பாறையும் சிலையும் தெரியாத ஒரு கோணம் பார்த்து நின்றேன். சூரியன் வழக்கம்போல ஒழுங்காக, கடலில், கேட்டதெல்லாம் கொடுத்துக்கொண்டு இறங்கியது. படம் எடுத்தேன். இதையே அட்டைக்குக் கொடுத்துவிடலாம், கடலுக்கு என்ன முகவரியா இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு லாட்ஜ் வாசல் வெளிச்சத்தில் நின்று பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்தில் ஒரு வள்ளம் நிற்கிறது, அதன் மேல் மாதாவின் பெயர் தமிழில் கொட்டை எழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் ஒப்பித்திருக்கிறேன். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இப்போது அதற்கு அட்டை போட்டுக் கொண்டிருந்தேன். படத்தை அழித்துவிட்டு, மறுநாள் காலை கீரிப்பாறை பஸ்ஸில் ஏறினேன்.

பதினோரு வருடம் ஒரு மனிதரின் காலடியைத் தேடி அந்நிய நாட்டில் அலைந்தவன், பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் என்று டிக்கெட் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டின. அவர் மலைக்கிராமம் பற்றி எழுதிய ஒவ்வொன்றும் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. ஓடைச் சத்தம், ஈர மண் வாசனை, மேகம் இறங்கி மரத்தை மூடுவது. அவர் எழுதிய பனிமூட்டம் அது. புத்தகத்தில் நான் ஸ்காட்லாந்தாகப் பார்த்ததெல்லாம் இங்கே சும்மா நின்றுகொண்டிருந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். அசதிதான் வந்தது.

தோட்டத்தில் விசாரித்துக்கொண்டே போனதில் தங்கம்மை கிடைத்தார். காடு வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் செடி நடப் போனவர், பிறகு முப்பது வருடம் பால் வெட்டியவர். எண்பது வயதுக்குக் கண் கூர்மை, ஞாபகம் அதைவிடக் கூர்மை.

“கம்பவுண்டர் சாருதானே? நல்ல ஓர்மை இருக்கு. காலையில ஆஜருக்கு எங்களுக்க பேரைக் கூப்பிடுவாரு. ஞாயித்துக்கிழமை லயத்து வீட்டுல உக்காந்து, ஒரு பழைய சீமைப் புத்தகத்தைப் பாத்துப் பாத்து எழுதிட்டே இருப்பாரு. பம்பாய் வரைக்கும் போனாராம். கப்பல் ஏறுகதுக்கு முன்ன நெஞ்சுப் படம் எடுத்து, நெஞ்சுல நிழலு இருக்கு, போவாண்டாம்ணு திருப்பி விட்டுட்டாங்களாம். மாலை எல்லாம் போட்டு அனுப்பின ஊரு. எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போவாரு?”

“ஊரில் யாருக்கும் தெரியாதா?”

“எங்களை யாரு வந்து கேட்டா? நாங்களும் யாருட்ட போய் பறைய? ஒருக்க மகளுக்குக் காய்ச்சல்ணு பஸ்ஸுக்காரன் சொன்னான். அண்ணைக்கே ஏறிப் போனாரு. நாகர்கோயில் பஸ் ஸ்டாண்டுல எறங்கினாராம். பொறவு அதே பஸ்ஸுல திரும்பி வந்துட்டாரு. நெறய நாளு அப்படிப் போவாரு, வருவாரு.” தங்கம்மை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு நாளு சோறு தின்னல்ல. அதுவும் எனக்கு ஓர்மை இருக்கு.”

திரும்பி வரும் பஸ்ஸில் என்னோடு நானே வழக்குப் பேசிக்கொண்டு வந்தேன். சொல்லாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? அறுபத்தெட்டு வயதுப் பெண், அப்பாவை மன்னித்துவிட்டு நிம்மதியாகச் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். அதைத் தட்டிவிட நான் யார்? ஆனால் அந்த மன்னிப்பு உட்கார்ந்திருப்பது என் பொய்யின் மேல். சும்மா இருந்துவிடவும் முடியாது, முன்னுரையில் நான் பார்த்தேன் என்று மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாலை போட்டு அனுப்பியவர்களுக்குக் கீரிப்பாறையைப் பற்றி எழுத முடியுமா? நான்கூட இந்தப் பக்கங்களில் எத்தனை வருடமாக எழுதுகிறேன். கிழவர்களைக் குளிப்பாட்டுவதையும், ஜன்னல் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும் என் அறையையும் எழுதியிருக்கிறேனா? நீங்கள் கேட்டது பனி. நான் அனுப்பியதும் பனி.

பஸ் நாகர்கோவிலில் நின்றதும் இறங்கினேன். அவர் திரும்பி ஏறிய இடம் எது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்தேன். அந்தப் பத்து நிமிடமும் திரும்பிவிடலாம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

லில்லிபாய் அக்கா வாசலில் இருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் என்னைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். “அக்கா, அந்தக் கடற்கரையில சூரியன் மறையுறதை நான் பாக்கல்ல. போகாமலே எழுதினேன். போன செப்டம்பர்லதான் போனேன். அங்க சூரியன் கடல்ல மறையாது. கிழக்குக் கடல்.”

அவர் ஆசிரியை. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தியவர். மேசை மேல் விரலால் கிழக்கையும் மேற்கையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அப்போ அப்பா?” என்றார்.

சொன்னேன். பம்பாய், நெஞ்சுப் படம், தங்கம்மை, ஞாயிற்றுக்கிழமை எழுத்து, எல்லாம். காய்ச்சல் சமயத்தில் பஸ் ஸ்டாண்டு வரை வந்ததையும் சொன்னேன். அதை மறைத்தால் மற்றதைச் சொல்லியும் பயனில்லை என்று தோன்றியது.

“பஸ்ஸு எவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“ஒண்ணேகால் மணிக்கூர் அக்கா.”

“ஒண்ணேகால் மணிக்கூர்” என்றார். மறுபடியும் அதையே சொன்னார். எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் மட்டும் கழுவியது போல இல்லை.

“அந்தக் குலை வருமில்லியா. அம்மா அதுல ஒரு பழம் தின்ன மாட்டா மக்கா. வயித்துக்கு ஒத்துக்கொள்ளாதுண்ணு சொல்லுவா. எனக்கு மட்டும் உரிச்சு உரிச்சுத் தருவா. அப்பா திரும்பி வந்த பொறவு அவளே சந்தையில மட்டிப்பழம் வாங்கித் தின்னுவா. நான் இப்பந்தான் அதை நெனச்சுப் பாக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மைக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முன்னுரை வேண்டுமா என்று கேட்டேன். வாசல்வரை வந்தார், கேட்டைச் சாத்தினார். தை பிறப்பதற்கு முன் நான் விமானம் ஏறிவிட்டேன். மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. புத்தகத்தைக் கெடுத்துவிட்டேன், அந்தப் பெண்ணிடமிருந்து அவர் அப்பாவை இரண்டாவது தடவையாகப் பிரித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி கடைசியில் ஒரு ஓய்வு நாள் கிடைத்தது. என்னவோ தோன்றி அதே கரைக்குப் போனேன். அங்கே அந்த மாதத்தில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது இறங்கிவிடும். நாய்க்காரர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் நடையை வேகப்படுத்தினார். அவரைக் கலவரப்படுத்த வேண்டாமே என்று கையை ஆட்டிவிட்டுக் கைபேசியை எடுத்தபோதுதான், அக்காவின் குரல் செய்தி ஒன்று வந்து கிடப்பதைப் பார்த்தேன். பின்னால் பறவைச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம்.

“மக்கா, நான் கீரிப்பாறையில நிக்கேன். தங்கம்மை பக்கத்துல இருக்கா. இஞ்ச ரப்பர் இலை எல்லாம் செவந்து செவந்து உதிருது. தை மாசம்ணு அப்பா எழுதினது செரிதான் கேட்டியா. இலை விசயத்துல அவரு பொய் சொல்லல்ல. புத்தகம் வரட்டும். ஒரு எழுத்து மாத்தாண்டாம். எல்லாத்தையும் நீ முன்னுரையில எழுது, உனக்க பொய்யையும் சேத்து. பொறவு, பஸ்ஸு ஒரு மணிக்கூரும் பத்து நிமிசமும்தான் ஆச்சு. நீ அஞ்சு நிமிசம் கூட்டிச் சொல்லிட்ட. அதைச் செரியா போடு.”

நான் அதை மூன்று தடவை கேட்டேன். முகத்துக்கு நேரே கடல் சாம்பலாகக் கிடந்தது. சூரியன் என் முதுகுக்குப் பின்னால் கூரைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் நிழல் மட்டும் நீண்டு, மணலைத் தாண்டி, தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.